குழாய் நீரின் வாடை

குழாய் நீரில் மருந்து வாடை வீசுகிறதென நம் பங்கிலும் முகஞ்சுளிப்போர் பலர். காரணம் அறிந்தால் குறைகூற மாட்டோம்.

செங்குன்றம் ஏரியின் நீர் 1872-ஆம் ஆண்டு முதல் திறந்த கால்வாய் வழியே சென்னைக் கீழ்ப்பாக்கத்திற்கு வந்தது. 1914-இல்தான் அங்கு மணல் வடிகட்டிகள் அமைந்தன. அதுவரை மக்கள் பருகியது வடிகட்டாத நீரே!

இன்று முதலில் படிகாரம் சேர்க்கின்றனர். ஏரி நீரிலுள்ள நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்குவதால் எளிதில் படிவதில்லை. படிகாரம் பட்டதும் பஞ்சுபோல் திரண்டு அடியில் தங்குகின்றன. நம் பாட்டிமார் பானையினுள் தேற்றாங்கொட்டையை இழைத்ததும் இதற்காகவே. எஞ்சியதை மணற்படுகை தடுத்துக்கொள்ளும்.

இப்போது நீர் பளிங்குபோல் தோன்றும். ஆயினும் வாந்திபேதிக் கிருமி கண்ணுக்குப் புலப்படுமோ? ஆகவே குளோரின் கலக்கின்றனர். நிலையத்திலேயே கிருமிகள் மடிந்தபின் அது வீடுவரை வருவானேன் எனக் கேட்கலாம். நீரின் அழுத்தம் குறையும் வேளையில், குழாயின் வெடிப்பு வழியே சாக்கடை உட்புகக்கூடும். அதனை எதிர்கொள்ளவே, வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி.

வாடை பிடிக்காதோர் நீரைச் சற்றுநேரம் திறந்துவைத்தால் அது அகலும். காவலும் உடன் அகலும். பின்னர் மூடிவைத்து, கைபடாமல் மொண்டு பருகுக. குழாயிலேயே வாடை அறவே இல்லாத நாளில் காய்ச்சிப் பருகுவதே நலம்.