பயிற்சி முடிந்தது, சர்ட்டிபிகேட் வந்தது, கற்றது என்ன?

காலேஜ் படிக்கும் பெண்ணோ பிள்ளையோ இருக்கிற வீடுகளில் இப்போது ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழுகிறது: இன்டர்ன்ஷிப். "அம்மா, அடுத்த மாசம் நான் இன்டர்ன்ஷிப் போறேன்" என்று மகள் வந்து நிற்கிறாள். வேலையா என்றால் முழு வேலை இல்லை. படிப்பா என்றால் அதுவும் முழுசாக இல்லை. ஏதாவது ஒரு கம்பெனியில் நாலு வாரமோ, ஆறு வாரமோ, சில சமயம் ஒரு வருஷமோ இருந்து தொழில் பழகிவிட்டு வர வேண்டும். நம் அண்ணன் தம்பிகள் காலத்தில் 'அப்ரண்டிஸ்' என்றோமே, அதற்கு நெருங்கிய உறவு இது. அப்ரண்டிஸுக்கு 1961-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் மத்திய அரசு, பெரிய கம்பெனிகளில் இளைஞர்கள் பழகுவதற்கென்றே பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 5,000 ரூபாய் உதவித் தொகை என்று அதில் அறிவித்தார்கள். எல்லா இடத்திலும் இப்படிப் பணம் கிடைப்பதில்லை. ஆகவே பிள்ளை அங்கே என்னதான் கற்றுக்கொள்கிறது என்று நாம் கேட்பதில் தப்பே இல்லை.

சேர்ந்த முதல் வாரத்திலேயே பல கம்பெனிகளில் ஒரு வகுப்பு நடக்கிறது. 'கார்ப்பரேட் பிராண்டிங்' என்று பெயர். கம்பெனியின் பெயர், சின்னம், அதற்குரிய நிறம், ஜனங்கள் மனதில் அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பு, அந்த மதிப்பு கெடாமல் ஊழியர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை எல்லாம் இதில் அடக்கம். திரையில் படம் காட்டுவார்கள். டீயும் பிஸ்கட்டும் உண்டு. கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, "வகுப்பு எப்படி இருந்தது?" என்று கேட்டு, ஐந்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்பார்கள். பிள்ளைகளும் தாராளமாக ஐந்து போட்டுவிட்டு வந்துவிடும்!

இந்த வகுப்பு உருப்படியானதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு உப்பை விட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. சேலை என்றால் நூலிலும் சாயத்திலும் வித்தியாசம் தெரியும். காப்பிப் பொடி என்றால் வாசனையிலேயே தெரிந்துவிடும். உப்பு யார் விற்றாலும் வெள்ளையாகத்தான் இருக்கும், கரிக்கத்தான் செய்யும். பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறுவது பெயர்தான். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்பதை அது விளையும் இடத்திலிருந்து பார்த்தால் தெளிவாக விளங்கும்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போயிருப்பீர்கள். மரக்காணம் நெருங்கும்போது சாலையோரம் கண்ணாடி பதித்தாற்போல் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிற்கும். வரப்பில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள், சிலவற்றின்மேல் ஓலை போர்த்தியிருக்கும். பக்கத்தில் பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கு அப்பால் கழுவேலி ஏரி. பழைய ஊர்தான். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து.

உப்பு விளைவது சுலபம் என்று நினைக்கிறோம். கடல் தண்ணீரைக் கட்டி வைத்தால் வெயில் பார்த்துக்கொள்ளும் என்பது நம் எண்ணம். அது அப்படி இல்லை. உவர்நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி இறுக விடுகிறார்கள். அதன் அடர்த்தியைப் 'போமே' என்கிற டிகிரியில் அளப்பார்கள். கடல் நீர் சுமார் மூன்றரை டிகிரி. அது ஏற ஏற முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் அடியில் படிந்துவிடும். சுமார் 25 டிகிரி வரும்போதுதான் நாம் சாப்பிடுகிற உப்பு பூக்கத் தொடங்கும். ஏறக்குறைய 29, 30 டிகிரியைத் தாண்ட விட்டால் மெக்னீஷிய உப்புகளும் கூடவே சேர்ந்துகொள்ளும். அப்போது உப்பு கசக்கும், மழைக்காலத்தில் ஜாடியில் நீர் விட்டுக்கொண்டு நசநசவென்று கிடக்கும். ஆக, சரியான சமயத்தில் அந்தக் கசப்பு நீரை வெளியே விட்டுவிட்டு உப்பை வாருவதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் கொளுத்தும் வெயிலில், காலில் உப்பு நீர் அரிக்க, கண் கூச நிற்கும் ஆண்களும் பெண்களும். அந்தக் கை சரியாக வேலை செய்யாவிட்டால் பாக்கெட்டின்மேல் எவ்வளவு அழகாகச் சின்னம் போட்டும் பிரயோஜனம் இல்லை.

இதே உப்பு கல்லுப்பாக மூட்டை கட்டி லாரியில் ஏறும்போது அதற்குப் பெயர் கிடையாது. அந்தக் காலத்தில் மளிகைக் கடை வாசலில் திறந்தே கிடக்கும், படியால் அளந்து கொடுப்பார்கள். எந்தக் கம்பெனி உப்பு என்று யார் கேட்டோம்? 1983-ல் டாடா கெமிக்கல்ஸ் கம்பெனி குஜராத்தின் மிட்டாப்பூரில் தயாரித்த உப்பைப் பாக்கெட்டில் அடைத்து, பெயரிட்டு, நாடெங்கும் விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் உப்புக்கும் 'பிராண்ட்' என்பது நம் அடுப்படிக்குப் பழக்கமானது.

நம் மாநிலத்துக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகம் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உப்பு எடுக்கிறது. அந்தக் கழகத்தின் உப்பு 2014-ல் 'அம்மா உப்பு' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 2022-ல் 'நெய்தல் உப்பு' என்ற பெயரில் வந்தது. நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். ஒரே ஸ்தாபனம், பெயர் மட்டும் வேறு வேறு! பெயரை மாற்ற ஒரு உத்தரவு போதும். அந்தப் பெயரை நம்பி ஜனங்கள் இரண்டாம் முறையும் வாங்க வேண்டுமானால் உள்ளே இருப்பது சரியாக இருக்க வேண்டும். பிராண்டிங் வகுப்பு ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது முதலில் இதைத்தான் என்பது என் எண்ணம்.

சரி, வகுப்பை எடை போடும் வழிக்கு வருவோம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959-ல் எழுதத் தொடங்கிய சில கட்டுரைகளில், எந்தப் பயிற்சியையும் நாலு கேள்வியால் அளக்கலாம் என்றார். இன்றைக்கும் கம்பெனிக்காரர்கள் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். கேட்டால் பெரிய சாஸ்திரம் மாதிரி இருக்கும். உண்மையில் பெண்ணுக்குச் சாம்பார் வைக்கக் கற்றுக்கொடுத்த எந்தத் தாய்க்கும் தெரிந்த விஷயம். கற்றது பிடித்ததா? புரிந்ததா? அதை நாளைக்குத் தானாகச் செய்கிறாளா? அதனால் வீட்டுக்கு என்ன பலன்?

'பிடித்ததா' என்பதற்குத்தான் அந்த ஐந்து மார்க் தாள். வகுப்பு எடுத்தவர் கலகலப்பாகப் பேசியிருந்தால் மார்க் விழும், அவ்வளவுதான். 'புரிந்ததா' என்பதற்கு ஒரு சின்னப் பரீட்சை வைப்பார்கள். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வகுப்புக்கு முன்பும் அதே கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டும். குழந்தைக்கு டானிக் கொடுப்பதற்கு முன் எடை பார்க்காமல், ஒரு மாதம் கழித்துப் பார்த்து, "ஆஹா, டானிக் வேலை செய்கிறது" என்றால் டாக்டர் சிரிக்க மாட்டாரா?

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. பெரும்பாலும் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். உப்பு பாக்கெட் போடும் ஒரு கம்பெனிக்குத் திண்டிவனத்துப் பெண் ஒருத்தி பயிற்சிக்குப் போய் வந்தாள் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கலாம்:

"என்னம்மா கத்துக்கிட்ட இன்னைக்கு?"

"லோகோ இந்த நீலத்துலதாம்மா இருக்கணும். சுத்தி இவ்வளவு இடம் விடணும். எழுத்து சாய்க்கக் கூடாது."

"சரி. அந்தப் பாக்கெட்டை நான் காசு கொடுத்து வாங்கறேன். எனக்கு என்ன கிடைக்கும்னு உங்க கம்பெனி வாக்கு கொடுக்குது?"

"அதெல்லாம் சொல்லலம்மா..."

"பாக்கெட் நசநசன்னு இருக்குன்னு நான் உனக்கு போன் பண்ணினா என்ன செய்வ?"

"போம்மா, அது வேற டிபார்ட்மென்ட்!"

இந்தக் கடைசிப் பதில் வந்தால் வகுப்பு தோற்றுவிட்டது என்று நான் சொல்வேன். லோகோவின் நீலம் அவளுக்குப் பாடமாகியிருக்கிறது. கம்பெனியின் பெயர் தன் கையிலும் இருக்கிறது என்பது மனதில் ஏறவில்லை. அதற்குப் பதிலாக, "பாக்கெட் நம்பரைச் சொல்லும்மா, பாக்டரியில் கேட்டுட்டு உனக்கே திரும்பச் சொல்றேன்" என்று அவள் சொல்லியிருந்தால், ஐந்து மார்க் தாளே தேவையில்லை. கம்பெனி இதைப் பார்க்க வேண்டியது வகுப்பு முடிந்த அன்று இல்லை. ஒரு மாதம் கழித்து, அவள் மேஜைக்கு வரும் ஒரு புகாரை அவள் எப்படிக் கையாளுகிறாள் என்று பார்க்க வேண்டும்.

நாலாவது கேள்வி பலன். இங்கேயும் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். மார்ச்சில் பயிற்சி நடந்தது, ஏப்ரல், மே மாதங்களில் கல்லுப்பு அதிகம் விற்றது, ஆகவே பயிற்சி பிரமாதம் என்று ஒருவர் அறிக்கை எழுதினால் நாம் கேட்போமே, "ஐயா, அது ஊறுகாய் போடும் மாதம் ஆயிற்றே!" என்று. மாங்காயின் பெருமையை வாத்தியார் எடுத்துக்கொள்ளலாமா? பயிற்சி பெற்ற பிள்ளைகள் போய்வந்த கடைகளையும், அவர்கள் போகாத கடைகளையும் அதே மாதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

வகுப்பில் என்னவெல்லாம் இருந்தது என்பதையும் மகளிடம் கேட்டுப் பாருங்கள். பாக்கெட்டின் முன்பக்கத்துக்கு இரண்டு மணி நேரமும் பின்பக்கத்துக்கு ஐந்து நிமிஷமும் கொடுத்திருந்தால் அது சரியான பாடத்திட்டம் இல்லை. பின்பக்கத்தில்தான் சட்டப்படி சொல்ல வேண்டிய பலவும் இருக்கும்: தயாரித்தவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருஷம், அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய போன் நம்பர். பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்து இருந்தால் அந்த முத்திரை பதிவானது என்று அர்த்தம். பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவது தவறு. இது தெரியாத பிள்ளை நோட்டீஸ் தயாரித்தால் கம்பெனிக்கே வம்பு.

உப்பு என்றால் அயோடின் விஷயமும் உண்டு. 2006 மே மாதத்திலிருந்து, நேரடியாகச் சாப்பிடும் உப்பை அயோடின் சேர்க்காமல் விற்க நாடு முழுவதும் தடை இருக்கிறது. கடையில் நம் கைக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்குக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் மற்றவர்களை விட அயோடின் அதிகம் வேண்டும், வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது அவசியம். (அதற்காக உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. பாக்கெட்டைப் பிரித்ததும் மூடியுள்ள ஜாடியில், அடுப்புச் சூட்டுக்குத் தள்ளி வையுங்கள். திறந்து கிடந்தால் அயோடின் குறையும்.) இரும்புச் சத்தும் சேர்த்த உப்பாக இருந்தால் 'எஃப்' எழுத்தும் கூட்டல் குறியும் உள்ள செறிவூட்டல் சின்னம் இருக்கும்.

பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் கையில் ஒரு தட்டு உப்பும் சோதனைத் திரவமும் கொடுத்து, ஒரு சொட்டு விட்டால் நீலம் பாரிக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாமே! ஒரு காலைப் பொழுது உப்பளத்துக்குக் கூட்டிப் போய், வாருகிற அம்மாவிடம் "எந்தத் தண்ணியை வெளியே விடுவீங்க ஆயா?" என்று கேட்க விடலாமே! இதற்கு ஆகும் செலவு ஒரு வேன் வாடகைதான்.

இன்னொன்று. சில இடங்களில் பிராண்டிங் பயிற்சி என்ற பெயரில் பிள்ளைகளைக் கொண்டே செல்போனில் கம்பெனியைப் புகழ்ந்து எழுத வைக்கிறார்கள். வேலை செய்கிற இடத்தைப் பற்றி எழுதினால், தான் அங்கே இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். சமூக ஊடக விளம்பரங்களுக்கு இந்திய விளம்பரத் தரக் குழுமம் 2021-ல் வகுத்த விதிகளும் இப்படிப்பட்ட தொடர்பை மறைக்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன. மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாலு வாரமும் நோட்டீஸ் விநியோகம் மட்டும்தான் என்றால், காலேஜ் ஆசிரியரிடம் போய்ப் பேசவும் தயங்க வேண்டாம்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மரக்காணத்தில் பாத்திகள் மூழ்கிப்போகும், உப்பு வாருகிறவர்களுக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டத்தை 2022-ல் தமிழக அரசு கொண்டுவந்தது. மழை விட்டு, தை மாத வாக்கில் பாத்திகளைச் செப்பனிடத் தொடங்குவார்கள். உங்கள் பெண் உப்புக் கம்பெனிக்குத்தான் பயிற்சிக்குப் போகிறாள் என்றால், அதற்குப் பிறகு வரும் வெயில் மாதங்களில் போகச் சொல்லுங்கள். பாக்கெட்டில் அடைபடும் முன்னால் உப்பு எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டு வரலாம்.