காலை எடுக்காமலே ரேஸ் ஆகும் கார்

போன வருஷம் பேரனைப் பார்க்க அமெரிக்கா வந்திருந்த அப்பாவை என்னுடைய நிஸ்ஸான் 370இசட் காரில் ஒரு ரவுண்டு கூட்டிப் போனேன். ரெண்டே சீட், ஆறு கியர், மேனுவல். அப்பா நாமக்கல்லில் இருபத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். சிக்னல் நெருங்கும்போது நாலிலிருந்து மூணுக்கு இறக்கினேன். இன்ஜின் தானாக ஒரு ரேஸ் கொடுத்துக்கொள்ள, கியர் அலுங்காமல் விழுந்தது. அப்பா என் காலைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, காலு பிரேக்குலதான இருக்குது. ரேஸ் குடுத்தது யாரு?"

"கம்ப்யூட்டருங்கப்பா."

கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அத ஆஃப் பண்ணிப்போட்டு ஒருக்கா எறக்கு, பாக்கலாம்" என்றார். இறக்கினேன். கார் விக்கி, ரெண்டு பேர் தலையும் முன்னால் போய் வந்தது.

விஷயம் இதுதான். மணிக்கு 60 மைலில் என் கார் நாலாவது கியரில் போனால் இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 3,500 சுற்று சுற்றும். அதே வேகத்தில் மூணாவதுக்குச் சுமார் 4,500 வேண்டும். இந்த ஆயிரத்தை ஆக்ஸிலேட்டரில் நாம் கொடுக்காமல் கிளட்சை விட்டால், சக்கரங்கள்தான் இன்ஜினை இழுத்துச் சுற்ற வைக்கும். அந்த இழுப்புதான் குலுக்கல்.

பிரேக்கை மிதித்துக்கொண்டே ரேஸும் கொடுக்க, வலது பாதத்தின் முன்பக்கம் பிரேக்கில் இருக்கும்போதே ஓரத்தால் ஆக்ஸிலேட்டரைத் தட்ட வேண்டும். இடது கால் கிளட்சில். கைவர மாதக்கணக்கில் ஆகும். 2009 மாடலாக வந்த 370இசட்தான் இந்த வேலையை மேனுவல் காரில் கம்ப்யூட்டரிடம் கொடுத்த முதல் கார். கியர் கம்பி எந்தப் பக்கம் போகிறது என்பதை சென்சார் பார்த்து, தேவையான சுற்றைக் கணக்குப் போட்டு, த்ராட்டிலைத் திறந்துவிடும். பிறகு கார்வெட், சிவிக் டைப் ஆர் என்று பலதிலும் வந்துவிட்டது. கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டனை நான் கார் வாங்கிய நாளிலிருந்து அணைத்ததே இல்லை.

அப்பா காலத்து லாரியில் இது சொகுசுக்கான விஷயம் இல்லை. சின்க்ரோமெஷ் இல்லாத கியர்பாக்ஸ். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு ரேஸ் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்துத்தான் கியர் போட வேண்டும். அதான் டபுள் கிளட்ச். தப்பினால் கியர் விழாது, பல் கரகரவென்று அரைபடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் அப்படித்தான் ஏறி இறங்கியிருக்கிறார்.

அன்றைக்கு விக்கியதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெண்டு மாசம் கழித்து, வட கரோலினா, டென்னசி எல்லையில் இருக்கும் 'டெயில் ஆஃப் தி டிராகன்' சாலைக்கு நண்பனோடு போனேன். 11 மைலில் 318 வளைவு. பாதி வழியில் கார் மாற்றிக்கொண்டோம். அவனுடையது மாஸ்டா எம்எக்ஸ்-5. அதில் இந்த வசதி கிடையாது. லேசாக மழைத் தூறல். வளைவுக்கு முன்னால் வழக்கம்போல ரெண்டுக்கு இறக்கிக் கிளட்சை விட்டேன். பின் சக்கரங்கள் பிடி விட்டு, கார் வால் எதிர் லேனுக்குள் போய் வந்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வரும் சாலை அது. அந்த நிமிஷம் யாரும் வரவில்லை.

கிளட்சை அப்படி விடும் பழக்கம் எனக்கு மூணு வருஷமாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் சரிக்கட்டிவிட்டதால் எனக்கே தெரியவில்லை. எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ரீட்ரை போட்டு மறைத்த பிழை லாக்கில்கூட வரவில்லை.

இந்தப் பட்டனை உபயோகிக்கிறவனை டிரைவரே இல்லை என்று கேலி பேசுகிற கூட்டம் இங்கே உண்டு. அதுவும் எனக்கு ஒப்பவில்லை. ஈரச் சாலையில் பின் சக்கரம் வழுக்காமல் காப்பதை வீம்புக்காக ஏன் அணைக்க வேண்டும்? ஆபீஸ் போய்வரும் டிராஃபிக்கில் தினம் நூறு தடவை பாதத்தை முறுக்குவதில் என்ன வீரம்? ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 75 மைலில் அஞ்சிலிருந்து நாலுக்குப் போக நினைத்து, கை தவறி ரெண்டில் தள்ளிவிட்டால், சக்கரங்கள் இன்ஜினை 8,000 சுற்றுக்கு மேல் இழுத்துவிடும். என் காரின் வரம்பு 7,500. கம்ப்யூட்டர் எரிபொருளை நிறுத்தலாம், சக்கரத்தை நிறுத்த முடியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பட்டனை அணைத்துவிட்டு, காலியாகக் கிடக்கும் ஒரு ரோட்டில் அரை மணி நேரம் பழகுகிறேன். மத்த நாளெல்லாம் போட்டுத்தான் ஓட்டுகிறேன். ஊருக்குத் திரும்பிவிட்ட அப்பா, போன் பண்ணும்போது பேரனை விசாரித்த கையோடு இதையும் கேட்பார்.

"பத்துக்கு எத்தன சரியா உழுந்துச்சு?"

"ஆறுங்கப்பா."

"ம்… மழ வந்தா பட்டனப் போட்டுக்க சாமி."