உப்பைப் போல அன்பு!

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் உப்பளங்கள் உள்ளன. பாத்தியில் உப்புநீர் வெயிலில் வற்றும்; உப்பு விளையும். மழை வந்தால் வேலை இல்லை.

உப்பால் துன்பப்பட்ட இளவரசியின் கதை இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் உண்டு.

"என் மேல் எவ்வளவு அன்பு?" என்று ராஜா கேட்டார். "சர்க்கரை போல" என்றனர் மூத்தவர்கள். "உப்பைப் போல" என்றாள் இளையவள். விரட்டிவிட்டார்! பிறகு, உப்பில்லாத விருந்து உண்டபோதுதான் அவருக்குப் புத்தி வந்தது.

டிஸ்னியின் கார்ட்டூன் படங்களான "ஸ்நோ ஒயிட்" (1937), "சிண்ட்ரெல்லா" (1950) ஆகியவற்றிலும் நல்ல பெண் துன்பப்படுவாள். மிருகங்கள் உதவும். ராஜகுமாரன் வருவான். கல்யாணம், சுபம்!

"ஃபிரோசன்" (2013) படத்தில் ராஜகுமாரனே மோசக்காரன். தங்கை தன் உயிரைக் கொடுத்து அக்காளைக் காக்கிறாள்.

உப்புக் கதையிலோ திருந்துபவர் தகப்பனார்! உண்மை பேசியவளின் அருமை, அவள் இல்லாதபோதுதான் அவருக்குத் தெரிந்தது. உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்களின் அருமையும் அப்படித்தான்.