பள்ளிக்கூடத் தட்டில் பயறும் கீரையும்



கல்வி உதவித்தொகை விண்ணப்பம் கொடுக்கச் சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு வந்த தாய்மார்களிடம், பிள்ளைகள் மதியம் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறார்களா என்று பேச்சுவாக்கில் கேட்டோம். பலர் இல்லை என்றார்கள். "அந்தச் சோறு புடிக்கலேங்குறான், காசு கொடுத்து விட்டுருவேன்" என்றார் ஒரு சகோதரி. அந்தக் காசு எங்கே போகிறது என்பதைப் பள்ளிக்கூட வாசலில் உள்ள பெட்டிக்கடை சொல்லும். சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பொட்டலங்களுக்குத்தான் போகிறது. வாய்விட்டுச் சொல்லாத காரணம் இன்னொன்றும் உண்டு. சத்துணவு என்றால் இல்லாதவர்கள் சாப்பிடுவது என்ற கூச்சம்.

அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? 1956-இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்த திட்டம் இது. 2013-க்குப் பிறகு வெறும் சோறும் சாம்பாரும் என்ற நிலை மாறியது. காய்கறி பிரியாணி, கொண்டைக்கடலை புலாவு, கீரை சாதம், மீல் மேக்கர் சாதம், எலுமிச்சை சாதத்தோடு சுண்டல் என்று நாளுக்கொன்று பட்டியலில் வந்தது. மத்திய அரசு வகுத்த அளவுப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி. இந்த அளவு ஒழுங்காகத் தட்டுக்கு வந்தால், பரோட்டாவும் சால்னாவும் இதற்கு ஈடாகாது.

இதை நாம் வலியுறுத்தக் காரணம் பெண்பிள்ளைகள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்கு உட்பட்ட பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை. கறி சாப்பிடும் வீடுதானே, நமக்கு என்ன குறை என்று இருந்துவிட முடியாது. பல வீடுகளில் கறி வாரம் ஒரு நாள்தான். அதிலும் மகளின் தட்டுக்குக் கடைசியில் வருவது எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். மற்ற நாள்களில் இரும்புச்சத்து பயறிலும் கீரையிலும் இருந்துதான் வர வேண்டும். அது இறைச்சியில் உள்ளதைப் போல உடலில் எளிதாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி கூட இருந்தால் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் சேர்வது குறையும். சோறு உண்ட கையோடு பிள்ளைக்கு டீ ஊற்றிக் கொடுக்கும் நம் வழக்கத்தை முதலில் விட வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தட்டிலிருந்து முட்டையை எடுத்துவிட்டுக் காய்கறி வையுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அல்லாஹ் ஹலாலாக்கியதை யாரும் பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்க நாம் உடன்பட மாட்டோம். முட்டை இருக்கட்டும், அதன் பக்கத்தில் பயறும் கீரையும் கூடட்டும் என்பதே நம் கோரிக்கை.

பிள்ளை காய்கறியைத் தொடமாட்டேன் என்கிறதே என்பார்கள். சிறுவயது முதல் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்று புகாரியில் உள்ளது. ஒரு தையற்காரர் கொடுத்த விருந்தில் சுரைக்காயும் உப்புக்கண்டமும் சேர்ந்த குழம்பு வந்தது. தட்டின் ஓரங்களிலிருந்து சுரைக்காய்த் துண்டுகளை நபியவர்கள் தேடி எடுத்து உண்டதை அனஸ் (ரலி) கண்டார்கள். அன்று முதல் அவர்களுக்கும் சுரைக்காய் பிரியமாகிவிட்டது. யாரும் அவர்களுக்கு உபதேசம் செய்யவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். நம் வீட்டில் வாப்பா தால்ச்சாவில் எலும்பை மட்டும் பொறுக்கிவிட்டுக் கத்தரிக்காயையும் மாங்காயையும் ஒதுக்கினால், மகன் அதைத்தான் கற்றுக்கொள்வான்.

இனி, செய்ய வேண்டியது. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதி பெண்கள். நம் பெண்கள் பெயர் கொடுப்பதோடு நிற்காமல் கூட்டத்துக்குப் போக வேண்டும். சாம்பாரில் காய் இருக்கிறதா, சுண்டல் நாளில் சுண்டல் வந்ததா, இடம் இருந்தால் வளாகத்தில் இரண்டு முருங்கை நடலாமா என்று கேட்க வேண்டும். குறை சொல்லும் தொனி வேண்டாம். சமையல் செய்யும் அம்மாமார்கள் குறைந்த ஊதியத்தில் அடுப்படியில் நிற்பவர்கள். காய் நறுக்க ஆள் போதவில்லை என்பதுகூடக் காரணமாக இருக்கலாம். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு விசேஷங்களையொட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் பிரியாணி கொடுக்க விரும்பும் சகோதரர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. அந்தத் தொகையில் சில நாள்களுக்குக் கொய்யாவும் வாழைப்பழமும் சுண்டலும் கொடுக்கலாம். சமுதாயத்தினர் பள்ளிக்கூட உணவோடு கூடுதலாக வழங்க மத்திய அரசின் திட்டத்திலேயே வழி இருக்கிறது. தலைமையாசிரியரிடம் அனுமதி பெறுவதை அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.

நமதூர்ப் பள்ளிக்கூடங்களில் மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர் அஸருக்குப் பின் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவைக்கும்படிக் கேட்டுக்கொள்கிறோம்.