பாயும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஓய்வு பெற்ற தாயொருவர் எமது மாலை யோகாசன வகுப்புக்கு முதல் ஆளாக வந்துவிடுவார். இரண்டு மாதம் சென்றிருக்கும். "சாமி, உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு. சீனி மாத்திரையை விட்டுட்டேன்" என்றார் ஒரு நாள். பரிசோதித்தபோது இரத்தத்தில் சீனி மிகவும் கூடியிருந்தது. காலிலோ ஆறாத புண். பிழை அவருடையதன்று. யோகாசனம் நீரிழிவுக்கு நல்லது என்று திரும்பத் திரும்பச் சொன்ன நாம், மருந்தை நிறுத்தக்கூடாது என்பதை ஒரு தடவையேனும் சொல்லியிருக்கவில்லை.

2005-06 இல் நடந்த தேசிய ஆய்வின்படி, இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களுள் மூன்றில் ஒருவருக்கு அது தெரிந்திருக்கவே இல்லை. 2018-19 ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு மேல் என்றாயிற்று. கொழுந்தெடுக்க மலையேறிய காலத்தில் உடல் தானாக உழைத்தது. இன்று பிள்ளைகள் கண்டி நகரில் கடைக் கதிரைகளிலும் தையல் இயந்திரத்தின் முன்னும் இருக்கிறார்கள். கோதுமை ரொட்டியும் சீனி அள்ளிப்போட்ட பிளேன்டீயும் மட்டும் மாறவில்லை.

யோகாசனம் என்ன செய்கிறது? வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள குளுக்கோசை எடுத்துக்கொள்கிறது. இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது. மனக்கலக்கத்தில் சுரக்கும் கோர்ட்டிசோல், அட்ரினலின் ஆகியவை சீனியைக் கூட்டுபவை. ஆறுதலான மூச்சுப் பயிற்சி அக்கலக்கத்தைத் தணிக்கிறது. பயன் எவ்வளவு? மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சுமார் அரைப் புள்ளி, அதாவது எட்டிலிருந்து ஏழரைக்கு, குறைவதாகப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர். அவ்வாய்வுகளுட் பல சிறியவை, குறுகிய காலத்தவை. பயன் உண்மையானதே, ஆனால் அது மருந்துக்குத் துணை, மாற்று அல்ல.

மக்களின் சிரமத்தையும் சொல்லவேண்டும். கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழாது. லயத்து அறையில் ஆறு பேர் படுக்கும் இடத்தில் எங்கே பாய் விரிப்பது? ஆகவேதான் வாரத்தில் மூன்று மாலைகள் எமது மண்டபத்தைத் திறந்துவைக்கிறோம். தாடாசனம், திரிகோணாசனம், புஜங்காசனம், இருந்து முறுக்கும் ஆசனம், இறுதியில் சவாசனம்: அரை மணி நேரம் போதும். மற்ற நாட்களில் வேகநடை.

சில எச்சரிக்கைகள். இன்சுலின் ஏற்றுபவருக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் வெறும் வயிற்றில் செய்தால் சீனி சட்டென இறங்கலாம். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே நிறுத்தி இனிப்புச் சாப்பிட வேண்டும். மடியில் இரண்டு டொபி இருக்கட்டும். நீரிழிவால் கண் பாதிக்கப்பட்டவர் சிரசாசனம், சர்வாங்காசனம், மூச்சை அடக்கும் பயிற்சிகள் எதையும் செய்யலாகாது. கால் மரத்துப்போனவருக்குக் குளிர்ந்த சீமெந்துத் தரையில் கிடக்கும் ஒரு சிறு கல்லும் ஆபத்து.

"கத்தோலிக்கர் செய்யலாமா?" என்று கேட்போர் இன்னும் உளர். திருமூலர் தமிழில் எழுதிய யோகத்துக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. பிற சமயங்களின் தியான முறைகள் கிறிஸ்தவம் சாராதவை என்பதற்காக மட்டும் அவற்றைத் தள்ளிவிடக்கூடாது என்று 1989 ஆம் ஆண்டின் வத்திக்கான் மடலே கூறுகிறது. செபத்தின் பொருள் மறைந்துவிடாதபடி கவனிக்கவும் சொல்கிறது. முதுகை வளைப்பதில் எந்த மதத்துக்கு என்ன வழக்கு?

இப்போது வகுப்பு தொடங்குமுன் எல்லோரும் கிளினிக் கொப்பியைக் காட்ட வேண்டும், கால்களையும் நீட்ட வேண்டும். பாதங்களைப் பார்ப்பது அந்தத் தாய்தான். புண் ஆற நான்கு மாதம் சென்றது.