உங்களுக்குத் தெரியுமா? ஊசிக்குள் ஓர் உலோகம்!

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பாதியில் இருக்கும்போது கையில் ஓர் ஊசி போடுவார்களே, கான்ட்ராஸ்ட் ஊசி? அதற்குள் இருப்பது அசல் உலோகம்! பெயர் காடோலினியம். தனிம வரிசையில் 64!

மருந்தில் இது அயனியாக இருக்கிறது. அந்த அயனியில் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் ஏழு! படம் பளிச்சென்று தெரிவது அந்த ஏழின் புண்ணியத்தால்தான்!

பின்லாந்து வேதியியலாளர் ஜோஹன் காடோலினின் பெயரைத் தாங்கிய உலோகம் இது. ஆனால் அவருக்கே அது தெரியாது! அவர் இறந்தது 1852-இல். உலோகம் கண்டுபிடிக்கப்பட்டது 1880-இல்!

தனியாக உடம்புக்குள் விட்டால் இது விஷம்! கால்சியம் போகும் பாதைகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மருந்தில் இதை ஒரு மூலக்கூறுக்குள் பூட்டி அனுப்புகிறார்கள். பூட்டு இரண்டு வகை. நீள வடிவம், வளைய வடிவம். வளையத்தின் பிடிதான் உடும்புப் பிடி!

நல்ல சிறுநீரகம் இருந்தால் போட்ட மருந்தில் பாதி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே! சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ அதே பாதி வெளியேற 30 மணி நேரத்துக்கும் மேல்! அவ்வளவு நேரம் உள்ளேயே சுற்றினால் நீள வடிவப் பூட்டு தளர்ந்துவிடுகிறது. உலோகம் நழுவிவிடுகிறது!

நழுவினால்? என்.எஸ்.எஃப். என்ற நோய். தோல் தடித்து, மரக்கட்டையாக இறுகிவிடும்! பெரும்பாலும் கால்களில் ஆரம்பம். முட்டி மடங்காது, விரல் நீளாது. நடந்து ஸ்கேனுக்கு வந்தவர்கள் சக்கர நாற்காலிக்குப் போயிருக்கிறார்கள்! இதயம், நுரையீரலைக்கூட விட்டுவைப்பதில்லை. சிலருக்குக் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் திட்டுகள் வேறு!

கொடுமை என்ன தெரியுமா? சி.டி. ஸ்கேனின் அயோடின் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பயந்து, 'இதுதான் பத்திரம்' என்றே இந்த ஊசியைக் கிட்னி நோயாளிகளுக்குப் போட்டார்கள்!

இந்த வகையின் முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1988. நோய் முதலில் கண்ணில் பட்டது 1997. குற்றவாளி பிடிபட்டது 2006. ஒன்பது வருடம், மறுபடி ஒன்பது வருடம்!

2000-இல் 'லான்செட்' இதழில் வந்த முதல் அறிக்கையில் 15 டயாலிசிஸ் நோயாளிகள். காரணம்? ஒருவருக்கும் தெரியாது! 2006-இல் ஆஸ்திரியாவின் தாமஸ் குரோப்னர் முடிச்சை அவிழ்த்தார். ஊசி போட்ட 9 பேரில் 5 பேருக்கு நோய், அதுவும் 2 முதல் 4 வாரங்களில்! அதே ஆண்டு டென்மார்க்கில் 13 நோயாளிகள். அத்தனை பேருக்கும் போட்டது ஒரே மருந்து, காடோடயமைடு! பதின்மூன்றுக்குப் பதின்மூன்று!

2010-இல் அமெரிக்கா மூன்று நீள வடிவ மருந்துகளின் மேல் கை வைத்தது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். எண் 30-க்குக் கீழே போனவர்களுக்கு அவை கூடவே கூடாது! 2017-இல் ஐரோப்பா அதே மூன்றையும் நரம்பு வழி ஊசியாகப் போடுவதையே யாருக்கும் வேண்டாம் என்று நிறுத்திவைத்தது!

ஸ்கேன் சென்டரில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் கேட்கிறார்களே, ஏன் என்று இப்போது புரிகிறதா? கிட்னி பிரச்சினை இருந்தால், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்து நீட்டுங்கள்!

சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் இந்த மருந்தை எப்படி வெளியேற்றுகிறது பாருங்கள். முதல் தடவையில் 78 சதவீதம். இரண்டாவதோடு மொத்தம் 96. மூன்றாவதோடு 99!

இன்றைய வளைய வடிவ மருந்துகள் உட்பட, பிடி உறுதியான வகைகளைச் சிறுநீரகம் மிக மோசமான 4,931 பேருக்குப் போட்டதை 2020-இல் கூட்டிப் பார்த்தார்கள். நோய் வந்தவர்கள் எத்தனை பேர்? பூஜ்ஜியம்!

சரி, சிறுநீரில் வெளியேறிய உலோகம் எங்கே போகிறது? ஆற்றுக்கு! கழிவுநீர் ஆலைகளால் இதை வடிகட்ட முடிவதில்லை. 1996-லேயே பெர்லின் ஆற்றுநீரில் கண்டுபிடித்துவிட்டார்கள். 2019-இல் ஜெர்மனியின் ஆறு பெரிய நகரங்களில் குழாய்நீரைச் சோதித்தார்கள். மிக மிகச் சிறிய அளவுதான், ஆனால் அதிலும் காடோலினியம்! துரித உணவகத்தில் அந்த நீரைக் கலந்து கொடுத்த குளிர்பானத்திலும் காடோலினியம்!