சோம்பேறிக் கண்ணுக்கு வயது வரம்பு உண்டா?

வாகனமோட்டும் உரிமத்திற்காகக் கண் பரிசோதனைக்குப் போகும்போதுதான் சிலருக்கு விஷயம் தெரிய வருகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்கிறார்கள். மேலே உள்ள இரண்டு மூன்று வரிகளுக்குக் கீழே எதுவும் பிடிபடவில்லை. எந்தப் பவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாலும் தெளிவதில்லை. “இது சோம்பேறிக் கண். சின்ன வயதிலேயே கவனித்திருக்க வேண்டும். இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்ற பதிலோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால் நேர் எதிரான செய்தி கிடைக்கிறது. தலையில் மாட்டும் மெய்நிகர் கருவி, கணினி விளையாட்டு, சில வாரங்களில் பார்வை திரும்பும் என்ற விளம்பரம். இந்த இரண்டையுமே அப்படியே நம்புவதற்கில்லை.

மருத்துவத்தில் இதன் பெயர் அம்ப்ளியோபியா. ஏறத்தாழ நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். கண்ணைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம். பெரும்பாலோரிடம் கண் நன்றாகவே இருக்கும். பிரச்சினை மூளையில். குழந்தைப் பருவத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவில்லாத படமோ பொருந்தாத படமோ வந்துகொண்டே இருந்தால், மூளை அதை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணை மட்டுமே நம்பப் பழகிவிடுகிறது.

இதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று மாறுகண். நம் வீடுகளில் இதை அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள்; பள்ளியில் ‘ஒன்றரைக் கண்’ என்று கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. மற்றது, இரு கண்களின் பவருக்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பது. இது வெளியே தெரியாது. நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்வதால், பிள்ளைக்கே தெரியாது. எனக்கு இருப்பது இந்த இரண்டாவது வகை. இடக் கண்ணில் தூரப்பார்வைக் குறைபாடு அதிகம். 19 வயதில்தான் அதற்குச் சரியான கண்ணாடி கிடைத்தது.

‘வயது கடந்துவிட்டது’ என்ற பேச்சுக்கு வலுவான அறிவியல் பின்னணி உண்டு. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடி வைத்து ஆராய்ந்தனர். பிறகு திறந்தபோது, கண் நலமாக இருந்தும் மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த அணுக்கள் அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளவில்லை. வளர்ந்த பூனையிடம் இதே சோதனையைச் செய்தபோது அந்தப் பாதிப்பு ஏற்படவில்லை. மூளைக்கு ஒரு பருவம் உண்டு என்பது அதிலிருந்து தெளிவானது. 1981இல் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஏழெட்டு வயதுக்குப் பிறகு சிகிச்சை வீண் என்ற எண்ணமும் மருத்துவமனைகளில் வேரூன்றியது.

ஆனால் அந்தக் கதவு பலரும் நினைத்த அளவுக்கு இறுகப் பூட்டப்படவில்லை. 2005இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 7 முதல் 17 வயது வரையிலான 507 பேர் பங்கேற்றனர். அவர்களில் 13 முதல் 17 வயதினரில் அதற்கு முன் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களைத் தனியே பார்த்தபோது, கண்ணாடியோடு நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மறைத்து வந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்குப் பார்வை குறைந்தது இரண்டு வரி முன்னேறியது. கண்ணாடி மட்டும் அணிந்தவர்களில் அது 20 விழுக்காடு. ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்தக் கூடுதல் பலன் தெரியவில்லை. இடைநிலைப்பள்ளியில் இருப்பவர்கள் இந்த எண்களைச் சற்று நிதானமாகப் படியுங்கள். உங்களுக்கு இதுவரை யாரும் சிகிச்சை தரவில்லை என்றால், காத்திருப்பதில் நியாயமே இல்லை.

பெரியவர்களைப் பற்றியும் தகவல் உண்டு. பிரிட்டனில் நல்ல கண்ணின் பார்வையை இழந்த 254 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குச் சோம்பேறிக் கண்ணின் பார்வை தானாகவே முன்னேறியிருந்தது. மூளை முழுவதும் இறுகிப்போகவில்லை என்பதற்கு இது சான்று. பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி நடக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

விளையாட்டுக் கருவிகளின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2013இல் டெட்ரிஸ் விளையாட்டைப் பயன்படுத்தியது. விழும் கட்டைகள் ஒரு கண்ணுக்கும் கீழே குவிந்த கட்டைகள் மற்றக் கண்ணுக்கும் தெரியும். இரு கண்களும் சேர்ந்து உழைத்தால்தான் ஆட முடியும். பங்கேற்ற 18 பெரியவர்களிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. உலகமே கைதட்டியது. பிறகு 115 பேரை வைத்து, போலி விளையாட்டோடு ஒப்பிட்டு இதே வகை விளையாட்டை முறையாகச் சோதித்தார்கள். 2018இல் வந்த முடிவு: உண்மையான விளையாட்டுக்கும் போலிக்கும் வேறுபாடு இல்லை. இரண்டு குழுவும் ஒரே அளவு சிறிதாக முன்னேறின. அமெரிக்காவில் 2021இல் அங்கீகாரம் பெற்ற லூமினோப்பியா கருவியும் 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கென்றுதான் முதலில் அனுமதிக்கப்பட்டது. விளம்பரங்கள் இந்த வயதைப் பெரிதாக அச்சிடுவதில்லை.

ஒரு நிலையத்தில் எனக்கே பல ஆயிரம் ரிங்கிட் பயிற்சித் தொகுப்பு ஒன்றைப் பரிந்துரைத்தார்கள். என் வயதுக்காரர்களில் எத்தனை பேருக்கு எத்தனை வரி முன்னேறியது என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு காணொளியைக் காட்டினார்கள். நான் பணம் கட்டவில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில், கண் மருத்துவரிடமோ பதிவுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்டிடமோ முழுப் பரிசோதனை. வேறு கண் நோய் இல்லை என்று உறுதியானால், சரியான கண்ணாடி அல்லது காண்டாக்ட் லென்ஸ். பவர் வேறுபாடு அதிகமாக இருந்தால், இரு கண்களிலும் படத்தின் அளவு மாறாமல் இருக்க லென்ஸ் உதவும். இது பகட்டில்லாத சிகிச்சை என்பதால் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். கண்ணாடி மட்டுமே சிலருக்குச் சில மாதங்களில் ஓரளவு பலன் தருகிறது. எனக்கு ஒரு வரி கூடியது. அது பெரிய வெற்றி இல்லை, ஆனால் அந்தக் கண்ணாடியை நான் கழற்றுவதில்லை.

கண்ணை மறைக்கும் சிகிச்சையை யூடியூப் பார்த்து வீட்டில் தொடங்காதீர்கள். மூளை ஒதுக்கிவைத்த படம் திரும்பி வந்து, நல்ல கண்ணின் படத்தோடு சேராமல் நின்றால், எல்லாமே இரண்டாகத் தெரியும். பெரியவர்களிடம் இதைச் சரிசெய்வது கடினம். அதனால்தான் மருத்துவர் கண்காணிப்பு தேவை.

மாறுகண் அறுவை சிகிச்சைக்கு வயது தடையில்லை. கண்கள் நேராகும், பேசும்போது எதிரே இருப்பவரின் முகத்தைத் தயக்கமில்லாமல் பார்க்க முடியும். அதை வெறும் அழகு விஷயம் என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் எழுத்துப் பலகையில் வரிகள் கூடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. லேசிக்கும் அப்படித்தான், பவரை மாற்றும், மூளையின் பழக்கத்தை மாற்றாது. 48 வயதில் முப்பரிமாணப் பார்வை பெற்ற அமெரிக்க நரம்பியல் அறிஞர் சூசன் பேரியின் பெயரை எல்லா விளம்பரங்களும் இழுக்கின்றன. அவருக்கு இருந்த முதன்மைக் குறை மாறுகண். அவருடைய இரு கண்களுக்கும் தனித்தனியே நல்ல பார்வை இருந்தது. நம் நிலை வேறு.

ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தரும் வேலை நடக்கிறது. 2021இல் வெளியான ஆய்வொன்றில், பருவம் கடந்த பூனைகள், எலிகளின் நல்ல கண்ணை டெட்ரோடோடாக்சின் என்ற பொருளால் தற்காலிகமாகச் செயலிழக்க வைத்தபோது, சோம்பேறிக் கண் மீண்டது. பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சுதான் அது. மனிதருக்கான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் யாரும் பேசாத சிகிச்சை ஒன்று உண்டு: நல்ல கண்ணைக் காப்பது. நமக்கு மாற்றுக் கண் இல்லை. பூப்பந்து இறகு கண்குழிக்குள் நேராகப் பொருந்தும் அளவுடையது. இரட்டையர் ஆட்டத்தில் வலைக்கு அருகே நிற்பவர் அது வரும் வேகத்துக்கு விலக நேரமிருக்காது. பாலிகார்பனேட் வில்லை பொருத்திய விளையாட்டுக் கண்ணாடியைக் கடையில் பெயர் சொல்லிக் கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் அதன் துண்டுகளே கண்ணைக் கிழிக்கும். பட்டறை வகுப்பிலும் மோட்டார் சைக்கிளிலும் இதே விதிதான். பவர் இல்லாத கண்ணுக்கும் அந்தக் கண்ணாடி வேண்டும்.